12 மணி நேரம் அங்கே, 156 மணி நேரம் இங்கே... நடுவில் ஒரு நோட்டு!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் 2 மணி இருக்கும். ஆபீஸில் ஒரு வீடியோவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. முதியோர் இல்லத்தில் பகல் டியூட்டி பார்க்கும் அக்கா.

"பாப்பா, பதறாதம்மா... டீச்சரம்மா பாத்ரூம் பக்கத்துல விழுந்துட்டாங்க. நெத்தியில அடி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீ நேரா அங்க வந்துடு."

'பதறாதே' என்று ஆரம்பிக்கிற போனுக்கு யார்தான் பதறாமல் இருந்திருக்கிறோம்?

டீச்சரம்மா என் அம்மாவின் சித்தி. எனக்குச் சின்னப் பாட்டி. 78 வயது. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு, "யார் வீட்டுலயும் வந்து உட்கார மாட்டேன், எனக்குன்னு ஒரு அறை இருந்தா போதும்" என்று சொல்லி, தாம்பரத்தைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தை அவரே தேடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டார். 20 வருடச் சர்க்கரை நோய் கடைசியில் சிறுநீரகங்களில் கைவைத்தது. இப்போது ஒன்றரை வருடமாக செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் 3 நாள் டயாலிசிஸ். காலை 6.30 மணிக்கு மெஷினில் போட்டால் 10.30க்கு முடியும்.

அன்றைக்கும் டயாலிசிஸ் முடித்து வந்தார். சாப்பிட்டார். கட்டிலிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்தார். கண் இருட்டியது. விழுந்துவிட்டார்.

எமர்ஜென்சியில் கேட்ட மூன்று கேள்விகள்

ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு 3 தையல் போட்டார்கள். டியூட்டி டாக்டர் எங்களிடம் கேட்டது மூன்றே கேள்விகள்.

"இன்னிக்கு டயாலிசிஸ்ல ஹெப்பாரின் கொடுத்தாங்களா?" மெஷினுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து அது. அதைக் கொடுத்த அன்றைக்குத் தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசிய வாய்ப்பு அதிகம். அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"எவ்வளவு தண்ணி எடுத்தாங்க?" தெரியவில்லை.

"காலையில பி.பி. மாத்திரை போட்டாங்களா?" இதற்கு மட்டும் அக்கா தெம்பாகப் பதில் சொன்னார். "ஆமா டாக்டர், 6 மணிக்கே கொடுத்துட்டேன். ஒரு நாள்கூட தவற விடுறதில்ல."

டாக்டர் சி.டி. ஸ்கேன் எழுதினார். நல்லவேளை, உள்ளே எதுவும் இல்லை. ஆனால் அந்த மாத்திரைக் கதை அதோடு முடியவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன்பு சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் பாட்டியோடு போனது நான்தான். மெஷினில் இருக்கும்போது பாட்டிக்கு பி.பி. இறங்குவதைப் பார்த்த மருத்துவர், 'டயாலிசிஸ் நாட்களில் காலை பி.பி. மாத்திரை வேண்டாம்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் பொறுப்பாக அதை போட்டோ எடுத்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 11 பேர் இருக்கும் குரூப்பில் 7 பேர் கைகூப்பும் எமோஜி போட்டார்கள். சீட்டை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மாத்திரை கொடுக்கும் அக்கா அந்த குரூப்பில் இல்லை.

டயாலிசிஸ் சென்டர்காரர்கள் அவர்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். அக்கா அவருடைய சார்ட்டில் இருந்ததை ஒழுங்காகச் செய்தார். நடுவில் இருந்தவள் நான். சீட்டு அன்றைக்கும் என் பையில்தான் இருந்தது, லிப் பாமுக்கும் இயர்போனுக்கும் நடுவே, நாலாக மடித்து.

கணக்கு இப்படித்தான் போகிறது

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 12 மணி நேரம் பாட்டி டயாலிசிஸ் சென்டரில் இருக்கிறார். மீதி 156 மணி நேரம் இல்லத்தில். சென்டரில் இருப்பவர்களுக்கு அவர் இல்லத்தில் என்ன சாப்பிட்டார், எப்போது தடுமாறினார், யார் என்ன வலி மாத்திரை கொடுத்தார் என்பது தெரியாது. இல்லத்தில் இருப்பவர்களுக்கு மெஷினில் என்ன நடந்தது என்பது தெரியாது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டால் கூடவே போய் வருகிற மகளோ மருமகளோ இரண்டையும் மனதில் வைத்திருப்பார். முதியோர் இல்லத்தில் அந்த வேலை யாருடையது என்று யாரும் பிரித்துக் கொடுப்பதில்லை. அக்காவுக்கு ஷிப்ட் மாறும். சென்டரில் டெக்னீஷியன் மாறுவார். மாறாமல் இங்கேயும் அங்கேயும் போய் வருவது பாட்டியும் அவருடைய மஞ்சப் பையும்தான்.

அதனால் அந்தப் பையில் ஒரு நோட்டு வைத்தோம். சாதாரணக் கோடு போட்ட நோட்டு. இடதுபக்கம் இல்லம் எழுத வேண்டும், வலதுபக்கம் சென்டர் எழுத வேண்டும்.

இடதுபக்கத்தில் இல்லத்து அக்கா எழுதுவது:

* காலை எடை, பி.பி., சர்க்கரை அளவு
* காலையில் கொடுத்த மாத்திரை, கொடுக்காமல் நிறுத்திய மாத்திரை
* முந்தைய டயாலிசிஸுக்குப் பிறகு காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, தடுமாற்றம் ஏதாவது இருந்ததா
* வேறு டாக்டர் யாராவது புதிதாக மருந்து கொடுத்தார்களா
* ஃபிஸ்டுலா கையில் அதிர்வு தெரிகிறதா

வலதுபக்கத்தில் சென்டரில் எழுதித் தருவது:

* மெஷினில் போடும் முன் எடை, முடித்த பின் எடை, எடுத்த தண்ணீரின் அளவு
* முடிந்தபோது பி.பி. எவ்வளவு, நடுவில் இறங்கியதா, தசைப்பிடிப்பு வந்ததா
* ஹெப்பாரின் கொடுத்தார்களா, ரத்தம் ஊற ஊசி போட்டார்களா
* மருந்தில் மாற்றம், ரத்தப் பரிசோதனை முடிவு

கடைசிப் பக்கத்தில் சென்டர் நம்பர், சிறுநீரக மருத்துவரின் பெயர், இப்போதைய மாத்திரைப் பட்டியல், 'டிரை வெயிட்', ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட தேதிகள். டிரை வெயிட் என்றால் உடம்பில் மிகுதித் தண்ணீர் எதுவும் இல்லாதபோது இருக்கிற எடை. அந்த அளவுக்குக் கொண்டுவரத்தான் ஒவ்வொரு முறையும் தண்ணீரை எடுக்கிறார்கள். 1 லிட்டர் தண்ணீர் தங்கினால் 1 கிலோ ஏறும், அவ்வளவுதான் கணக்கு. இல்லத்தில் ஓர் எடை மெஷினும், அதில் தினமும் ஒரே நேரத்தில் ஏறி நிற்கும் பழக்கமும் இருந்தால் பாதிப் பிரச்னை முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நோட்டை முதல் தடவை சென்டரில் நீட்டியபோது டெக்னீஷியன் அண்ணா, "இதெல்லாம் எங்க ஃபைல்லயே இருக்கும்மா" என்றார். "இருக்குண்ணா, ஆனா அந்த ஃபைல் இங்கேயே இருக்கே" என்றேன். சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினார். எழுத 2 நிமிடம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை விருந்து

நோட்டில் மூன்று வாரம் எழுதிய பிறகு ஒரு விஷயம் எல்லோர் கண்ணிலும் பட்டது. வியாழன், சனிக்கிழமைகளில் பாட்டியின் எடை ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் எகிறுகிறது.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் அடுத்தது செவ்வாய்தான். நடுவில் ஞாயிறு, திங்கள் என்று இரண்டு நாள் இடைவெளி. வாரத்திலேயே நீளமான இந்த இடைவெளியில்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதயப் பிரச்னைகளும் மரணங்களும் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தண்ணீரும் பொட்டாசியமும் அந்த இரண்டு நாளும் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்? யாராவது பிறந்தநாள் கொண்டாட வருவார்கள். வடை, பாயசம், அப்பளம், ஊறுகாயோடு இலை போட்டுச் சாப்பாடு. போகும்போது ஆளுக்கொரு வாழைப்பழம். வெயில் காலமென்றால் இளநீர். எல்லாம் அன்போடு கொடுப்பதுதான். ஆனால் வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அப்பளமும் ஊறுகாயும் உப்பு. உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீரைக் கேட்கும்.

"பிள்ளைங்க ஆசையா கொடுக்கறப்ப எப்படிடி வேண்டாம்னு சொல்றது?" என்றார் பாட்டி. அதுவும் நியாயம்தானே! அதனால் சமையல் மாஸ்டர் அண்ணாவோடு உட்கார்ந்து பேசினோம். இப்போது ஞாயிறு விருந்தில் பாட்டிக்கும் இலை உண்டு. அப்பளம், ஊறுகாய் கிடையாது. காய்களை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கிறார். அப்படிச் செய்தால் பொட்டாசியம் கொஞ்சம் குறையும். பாயசம் ஒரு ஸ்பூன். வாழைப்பழத்துக்குப் பதில் ஒரு துண்டு ஆப்பிள். தண்ணீருக்கு, மருத்துவர் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுகிறார்கள். காபி, ரசம், மோர் எல்லாமே அந்தக் கணக்கில் கழிக்க வேண்டும். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டு.

இன்னும் சில விஷயங்களை மாஸ்டர் அண்ணாவுக்கும் எனக்கும் டயட்டீஷியன் சொல்லிக் கொடுத்தார். உங்களுக்கும் உதவும்:

* 'கிட்னி பேஷன்ட்' என்றதும் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்வது உண்டு. ஆரம்பித்த பிறகு தேவை கூடுகிறது. ஒவ்வொரு தடவையும் மெஷினில் கொஞ்சம் புரதம் போய்விடுகிறது. பாட்டிக்கு இப்போது தினமும் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு.
* 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கிற பாக்கெட்டுகளில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். இவர்களுக்கு அது ஆகாது.
* நட்சத்திரப் பழம் தொடவே கூடாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது மூளையையே பாதிக்கும் விஷம்.
* பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸைப் பிடித்து வெளியேற்றுவதுதான் அதன் வேலை. இல்லத்தில் எல்லோருக்கும் 9 மணிக்கு மாத்திரை டப்பாவோடு வருவார்கள். பாட்டி 8 மணிக்கே சாப்பிட்டு முடித்திருப்பார். ஒன்றரை வருடமாக அந்த மாத்திரை பெரும்பாலும் வீணாகத்தான் போயிருக்கிறது. இப்போது தட்டோடு சேர்ந்தே வருகிறது.
* மூட்டுவலிக்கு யாராவது டைகுளோஃபினாக் போன்ற வலி மாத்திரை கொடுத்தால், சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

'மெஷின் கை'

பாட்டியின் இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. தமனியையும் சிரையையும் இணைத்து ஆபரேஷன் செய்து, டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகவே உருவாக்கிய இடம். பாட்டி அதை 'மெஷின் கை' என்பார். எமர்ஜென்சியில் அரை மயக்கத்தில் இருந்தபோதும், நர்ஸ் பி.பி. பார்க்க இடது கையைப் பிடித்ததும், "அந்தக் கை வேண்டாம்மா, இந்தா இதைப் பிடி" என்று வலது கையை நீட்டினார்.

எல்லாப் பெரியவர்களும் அப்படிச் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார்கள். அதனால் கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம்: 'இடது கையில் பி.பி. பார்க்காதீர்கள், ரத்தம் எடுக்காதீர்கள், டிரிப்ஸ் போடாதீர்கள்.' இறுக்கமான வளையல், வாட்ச் கூடாது. அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. தினமும் காலையில் விரல் வைத்துப் பார்த்தால் பூனை உறுமுவது மாதிரி ஓர் அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் சென்டருக்குப் போன் செய்ய வேண்டும். ஊசி போட்ட இடத்தில் திடீரென்று ரத்தம் வந்தால், துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்காமல், கசியும் இடத்தின் மேலேயே விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108ஐ அழைக்க வேண்டும்.

கழுத்தில் குழாய் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டு நனையவே கூடாது. அதை இல்லத்தில் யாரும் பிரிக்கவும் கூடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று இருந்துவிடாதீர்கள். கிருமி நேராக ரத்தத்துக்குள் போகிற வழி அது.

வண்டி, மழை, கார்டு

இதே இல்லத்தில் ஒரு தாத்தாவுக்கும் டயாலிசிஸ் நடக்கிறது. அவர் வேறு சென்டர், வேறு நேரம். இரண்டு வண்டி, இரண்டு துணை ஆள். இரண்டு குடும்பமும் பேசி, அவருடைய மருத்துவரையும் கேட்டு, ஒரே சென்டரில் ஒரே ஷிப்டுக்கு மாற்றினோம். இப்போது ஒரு வேன், ஓர் ஆள். காலை டிபனைச் சமையலறையில் முன்கூட்டியே கட்டிக் கொடுக்கிறார்கள். முடிந்ததும் 10 நிமிடம் உட்கார வைத்து, பி.பி. பார்த்து, நிற்க வைத்தும் ஒருமுறை பார்த்த பிறகே கிளப்புகிறார்கள். இல்லம் வந்ததும் மாலை வரை கட்டிலை விட்டு எழுந்தால் ஓர் ஆள் கூட இருக்க வேண்டும். பாட்டி விழுந்த பிறகு போட்ட விதி இது.

தாம்பரம், முடிச்சூர் பக்கம் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பார்த்தோமே! கனமழை எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் முன்னதாகவே டயாலிசிஸ் செய்ய முடியுமா என்று சென்டரில் இப்போதே பேசி வையுங்கள். வண்டி வராமல் போனால் தண்ணீரையும் உப்பையும் பழத்தையும் எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார்டு. தாத்தாவின் பெயர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான திட்டம் அது, டயாலிசிஸும் அதில் உண்டு. ஆனால் கார்டு மகன் வீட்டு பீரோவில் இருந்தது. முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது துணிமணியோடு காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு நகல் மூன்றையும் கொடுத்துவிடுங்கள். ராத்திரி 11 மணிக்கு அட்மிஷன் போடும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

போய்வரவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ் முறையும் இருக்கிறது. திரவப் பையை ஒரு நாளில் பல முறை மாற்ற வேண்டும், மெஷின் தேவையில்லை. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். ஆனால் சுத்தமாக மாற்றக் கற்றுக்கொண்ட ஒருவர் எப்போதும் இல்லத்தில் இருக்க வேண்டும். அது முடியுமா என்பதை மருத்துவரும் இல்லமும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

நாங்கள் கேட்காமல் விட்டது

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் ஆரம்பித்த 3,702 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2009ல் வெளிவந்தது. ஒரு வருடத்துக்குள் அவர்களில் 58 சதவிகிதம் பேர் இறந்துவிட்டார்கள். டயாலிசிஸுக்கு முன்பு நடக்க, குளிக்க, சாப்பிட எந்த அளவுக்கு முடிந்ததோ, அதே அளவுக்கு ஒரு வருடம் கழித்தும் முடிந்தவர்கள் 13 சதவிகிதம்தான். அவர்கள் ஏற்கெனவே மிகவும் தளர்ந்தவர்கள், நம் ஊர் நிலைமை வேறு. ஆனாலும் அந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறது. மெஷினில் போட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்ள முடியாது. இது அவருக்கு வேண்டியிருக்கிறதா என்று அவரிடமே அவ்வப்போது கேட்க வேண்டும். டயாலிசிஸ் இல்லாமல், வலியும் மூச்சுத் திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சையும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசினாலே கைவிட்டுவிட்டோம் என்று அர்த்தம் ஆகிவிடாது.

சொல்வது சுலபம். கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் வழி காட்டியது பாட்டிதான்.

போன சனிக்கிழமை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யாரோ 'மயக்கம்' என்பதை 'மயகம்' என்று எழுதியிருந்ததில் சிவப்பு மையில் ஒரு 'க்' சேர்ந்திருந்தது. டீச்சரம்மா நோட்டுத் திருத்தியிருக்கிறார்! அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'நான்' என்று தலைப்பு.

"நீங்க இந்தப் பக்கம் எழுதறீங்க, அவங்க அந்தப் பக்கம் எழுதறாங்க. எனக்கு எங்க இடம் விட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

அதில் அவர் எழுதியிருந்தது மூன்று வரிதான். 'இன்று கால் பிடித்துக்கொண்டது. வேனில் தாத்தா நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். இன்னும் கொஞ்ச நாள் போய் வரலாம். வேண்டாம் என்றால் இதில் எழுதுவேன், அப்போது யாரும் வாதாடக் கூடாது.'

அந்தப் பக்கத்தை நான் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். அதற்கு முன்பு அக்காவை அந்த குரூப்பில் சேர்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர் இல்லத்தில் இருந்து டயாலிசிஸுக்குப் போகிறாரா? இன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்குங்கள். இரண்டு பக்கம் பிரிக்காமல் மூன்றாகப் பிரியுங்கள். உணவு, மருந்து விஷயத்தில் எதை மாற்றுவதாக இருந்தாலும் அவருடைய சிறுநீரக மருத்துவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, அதையும் அட்டையில் எழுதி வையுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்!